வாஷிங் மெஷினுக்குள் கம்பியோ காசோ திருகாணியோ சிக்கினால் டிரம்மை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி இதுதான்: முன்பக்கக் கதவு வைத்த மெஷின். சில நாளாகத் துவைக்கும்போது கிணுகிணு என்று ஒரு சத்தம், ஸ்பின் வேகம் பிடித்ததும் அது ‘கிர்ர்’ என்று உரசலாக மாறுகிறது. பிரா ஒன்றிலிருந்து கம்பி காணாமல் போயிருக்கிறது, மகளின் தோட்டுத் திருகாணி ஒன்றையும் அதே சமயத்திலிருந்து காணவில்லை. பார்க்க வந்த மெக்கானிக் எதையும் திறக்காமலேயே ‘டிரம்மை இறக்கணும்’ என்று ஒரு பெரிய தொகை சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாமே எடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். டிரம்மை இறக்குவது இந்த வேலைக்குக் கடைசி வழி. அதற்கு முன்னால் கை போட்டுப் பார்க்க நான்கைந்து இடம் இருக்கிறது, அதில் மிக உபயோகமானது ஹீட்டர் உட்காரும் துளை. சோம்பலா, நேரமில்லையா தெரியவில்லை, பலரும் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

முதலில் மெஷினின் உடம்பு எப்படி என்று தெரிந்தால் மற்றது சுலபம். கதவைத் திறந்தால் தெரிகிற ஓட்டை ஓட்டையான எவர்சில்வர் டிரம், அதற்கு வெளியே தண்ணீர் நிற்கிற பிளாஸ்டிக் தொட்டி, அதை டப் என்பார்கள். இரண்டுக்கும் இடையே ஒரு விரல் நுழைகிற அளவு சந்து. டப்பின் அடியில் சின்னப் பள்ளம், அதில்தான் ஹீட்டர் படுத்திருக்கும், பள்ளத்தின் தாழ்வான இடத்திலிருந்து ஒரு தடித்த ரப்பர் ஹோஸ் கிளம்பி டிரெயின் பம்புக்குப் போகும், பம்புக்கு முன்னால் ஃபில்டர். சட்டைப் பையிலிருந்து விழுந்த எதுவும் இந்தப் பாதையில் எங்கேயோ ஓரிடத்தில்தான் இருக்க முடியும். டிரம்மின் ஓட்டைகள் சில மில்லிமீட்டர் அகலம்தான், அதில் 2 சென்டிமீட்டர் அகலமான ரூபாய் நாணயம் எப்படி நுழைந்தது என்று பலர் குழம்புவார்கள். அது ஓட்டை வழியாகப் போகவில்லை. டிரம்மின் வாய் விளிம்புக்கும் கதவைச் சுற்றியுள்ள ரப்பருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, துணி புரளும்போது காசு முன்னால் ஒதுங்கி அந்த வழியாகக் கீழே இறங்கிவிடும். பிரா கம்பி மட்டும் தட்டையாக, மெல்லியதாக இருப்பதால் ஓட்டை வழியாகவே போகும். ஊக்கும் ஹேர்பின்னும் கூட அப்படித்தான்.

எடுக்கும்வரை மெஷினை ஓட்டாதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். காசு பரவாயில்லை, மாதக்கணக்கில் பள்ளத்தில் கிடந்தாலும் பல நேரம் ஒன்றும் ஆகாது. கம்பி அப்படி இல்லை. 1200 சுற்று ஸ்பின் என்றால் விநாடிக்கு 20 சுற்று. ஒரு முனை டிரம் ஓட்டையில் மாட்டி மறுமுனை டப்பில் உரசிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக்கை அறுத்து ஓட்டை போட்டுவிடும், அப்புறம் டப்பையே மாற்ற வேண்டியதுதான். ஹீட்டருக்கும் டிரம்முக்கும் நடுவே கம்பி மாட்டினால் ஹீட்டரின் மேல் உறை தேய்ந்து கரண்ட் கசிய ஆரம்பிக்கும். வீட்டில் ஈஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக லைனை வெட்டுகிற சுவிட்ச், இருந்தால் மெஷின் போட்டதும் அது டப்பென்று விழும். இல்லாத வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே பிளக்கைச் சுவிட்சில் அணைத்தால் போதாது, பிடுங்கி வெளியே போடுங்கள், தண்ணீர்க் குழாயையும் மூடுங்கள். வாரண்டி இன்னும் முடியாத மெஷின் என்றால் பின்பக்கத் தகட்டைக் கழற்றுவதற்கு முன் கம்பெனிக்கே போன் போட்டுவிடுங்கள், திறந்தது தெரிந்தால் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

இப்போது பொருள் எங்கே இருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கலாம். வீட்டில் ஃபேன், டிவி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காலி டிரம்மைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். சத்தம் டிரம்மோடு சேர்ந்து மேலே போய்ச் சட்டென்று கீழே விழுகிற மாதிரி கேட்டால் பொருள் டிரம்மிலேயே இருக்கிறது, பெரும்பாலும் துணியைத் தூக்கிப் போடுகிற அந்த மூன்று பிளாஸ்டிக் துடுப்புகளில் ஒன்றுக்குள். சத்தம் எப்போதும் அடியிலிருந்தே, ஒரே இடத்திலிருந்து வந்தால் அது டப்பின் பள்ளத்தில். ஒவ்வொரு சுற்றிலும் டிரம்மின் அதே பக்கம் கீழே வரும்போது மட்டும் ஒரு ‘டிக்’ கேட்டால் கம்பி ஓட்டையில் மாட்டி அதன் வால் எதிலோ தட்டுகிறது. கையால் சுற்றும்போது ஒரு சத்தமும் இல்லை, ஸ்பின்னில் மட்டும் விமானம் கிளம்புகிற இரைச்சல் என்றால் அது வேறு கதை, பேரிங் போயிருக்கிறது. டிரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். டிரம்மும் டப்பும் சேர்ந்து ஆடினால் சரி, அது ஸ்பிரிங்கில் தொங்குவதால் ஆடத்தான் செய்யும். டிரம் மட்டும் தனியாகக் கடகடவென ஆடினால்தான் பேரிங். அப்புறம் ஜீன்ஸ் பட்டன் கதவுக் கண்ணாடியில் அடிக்கிற சத்தத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்களும் உண்டு, ஆகவே காலி டிரம்மில்தான் சோதிக்க வேண்டும்.

தேடுவதை எளிய இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். கதவு ரப்பரின் மடிப்பை விரலால் இழுத்து, முழு வட்டமும், முக்கியமாக அடிப்பக்கத்தை, டார்ச் அடித்துப் பாருங்கள். திருகாணி மாதிரி சின்னப் பொருள் அந்த மடிப்பில் அழுக்கோடு அழுக்காக உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விரலை விடும்போது பார்த்து, அங்கேயே ஊக்கு திறந்துகிடக்கும்.

அடுத்தது ஃபில்டர். முன்பக்கம் கீழே ஓரத்தில் சின்ன மூடி. கடைசியாக வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிட்டுத் திறங்கள். பக்கத்தில் மெல்லிய குழாய் இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் ஃபில்டரையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகியும், தட்டையான ஒரு தட்டை வைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும், சில லிட்டராவது வரும், ஸ்பின் பாதியில் நின்ற மெஷின் என்றால் இன்னும் அதிகம். ஃபில்டரை வெளியே எடுத்ததும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தால் பம்பின் சின்ன விசிறி தெரியும். அதை ஒரு குச்சியால் சுற்றிப் பாருங்கள், விட்டுவிட்டுச் சுற்றும், அது இயல்பு. அசையவே இல்லையென்றால் நூலோ முடியோ ஊக்கோ சுற்றியிருக்கிறது. வடித்த தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு வடிகட்டியில் ஊற்றிப் பார்க்க மறக்காதீர்கள். தங்கம் தேடுகிறவர்கள் அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு அப்புறம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே கிடைக்கவில்லை என்றால் டிரம்முக்குள். கம்பியின் முனை ஏதாவது ஓட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஒரு பழைய நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு டிரம்மின் உட்புறத்தைத் தடவினால் முனை இருக்கிற இடத்தில் நூல் இழுக்கும். கிடைத்தால் நோஸ் பிளையரால் பிடித்து, கம்பி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்த வளைவுக்கே இசைந்து இழுங்கள், இன்னொரு கையால் டிரம்மை முன்னும் பின்னும் லேசாக அசைத்துக்கொண்டே. வரவில்லை என்று முரட்டுத்தனமாக இழுத்தால் பாதியில் ஒடிந்து மிச்சம் உள்ளே விழும். முனை தெரிகிறது, பிடிக்க முடியவில்லை என்றால் டிரம்மைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள், டப்பில் முட்டிக்கொண்டிருந்த மறுமுனை விடுபட்டு இந்த முனை கொஞ்சம் மேலே வரும்.

துடுப்புக்குள் சத்தம் கேட்டால் அதைக் கழற்ற வேண்டும். சில மெஷினில் ஒரே ஒரு ஸ்குரூ, சிலவற்றில் உள்ளே ஒரு நாக்கு மாதிரி பூட்டு இருக்கும், துடுப்பின் ஓட்டை வழியாகக் கம்பி விட்டு அதை அமுக்கிக்கொண்டு துடுப்பை நீளவாக்கில் தள்ளினால் கழன்று வரும். இன்னும் சிலவற்றில் வெளிப்பக்கமிருந்து பொருத்தியிருப்பார்கள், அதை உள்ளேயிருந்து கழற்றவே முடியாது. உங்கள் மாடல் எண்ணைப் போட்டு ஒரு வீடியோ பார்த்துவிட்டுக் கை வைப்பது நல்லது, பழைய பிளாஸ்டிக் பட்டென்று உடையும். துடுப்புக்கு அடியில் டிரம் தகட்டில் மற்ற இடங்களைவிடப் பெரிய திறப்பு இருக்கிற மாடல்கள் உண்டு. அப்படி இருந்தால் அதிர்ஷ்டம், அந்தத் திறப்பைக் கீழே கொண்டுவந்து நேராகப் பள்ளத்துக்குள்ளேயே பார்க்கலாம், கொக்கி விடலாம்.

இனி ஹீட்டர். மெஷினை இழுத்துத் திருப்பிப் பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள், எல்லாம் ஸ்குரூதான். பெல்ட்டும் சக்கரமும் தெரியும் (பெல்ட் இல்லாத மாடலில் மோட்டாரே டிரம்மின் முதுகில் இருக்கும்), அதற்குக் கீழே டப்பின் அடிப்பகுதியில் ஒரு நீள்வட்டமான இடம், அதில் இரண்டு தடித்த ஒயர், ஓர் எர்த் ஒயர், நடுவே ஒரு நட். அதுதான் ஹீட்டரின் தலை. பின்னால் இல்லையென்றால் முன்பக்கத் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். முன்பக்கத் தகட்டை எடுப்பது கதவு ரப்பர், கதவுப் பூட்டு என்று நீளும் வேலை, புதிதாகச் செய்கிறவர் அந்த வகையில் இறங்க வேண்டாம் என்பேன்.

பின்பக்க வகை என்றால் தைரியமாகச் செய்யலாம். எந்த ஒயர் எங்கே என்று முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் வழியாகத் தண்ணீர் முழுக்க வடித்தாயிற்றா என்று பாருங்கள், அப்படியும் ஒரு டம்ளர் தண்ணீர் இங்கே வரும், கீழே துணி போடுங்கள். ஒயர்களைக் கழற்றிவிட்டு நடு நட்டைத் தளர்த்த வேண்டும், பல மாடலில் 10 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் பொருந்தும். நட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள், போல்ட்டின் நுனிவரை கொண்டுவந்து நிறுத்தி, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்தப் போல்ட்டை உள்பக்கமாக மெல்லத் தட்டுங்கள். இந்தப் போல்ட்தான் ஒரு ரப்பரை நசுக்கி விரியவைத்துத் தண்ணீர் கசியாமல் அடைத்திருந்தது, அது உள்ளே போனதும் ரப்பர் தளர்ந்துவிடும். பிறகு ஹீட்டரை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி நேராக வெளியே இழுக்க வேண்டும். போர் தண்ணீர் ஓடுகிற வீட்டில் இது லேசில் வராது, ஹீட்டர் முழுக்க உப்புப் படிந்து கல்லாகியிருக்கும், பொறுமையாக ஆட்டுங்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால் அந்த உப்புச் செதில்களே சில வீடுகளில் சத்தத்துக்குக் காரணமாக இருக்கும், காசு என்று நினைத்துத் திறந்தால் ஒரு கைப்பிடி சுண்ணாம்புதான் கிடைக்கும். அதுவும் எடுக்க வேண்டியதுதான், வீண்வேலை இல்லை.

ஹீட்டர் வந்துவிட்டால் இரண்டு விரல் நுழைகிற திறப்பு ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது, அது நேராகப் பள்ளத்தில் திறக்கிறது. போனின் ஃபிளாஷைப் போட்டு வீடியோ எடுத்துப் பாருங்கள், கண்ணால் குனிந்து பார்ப்பதைவிட அது நன்றாகத் தெரியும். போனில் செருகுகிற மெல்லிய ஒயர் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. ஹேங்கர் கம்பியின் நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, பள்ளத்தின் தரையை ஒட்டி விட்டு உங்கள் பக்கமாக வாரி இழுங்கள். பிரா கம்பி, ஊக்கு, ஹேர்பின் எல்லாம் இங்கேதான் சேர்ந்து கிடக்கும், ஒன்றைத் தேடிப் போய் மூன்று நான்கு கிடைப்பது சகஜம்.

காந்தம் விடலாமா என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் எதற்கு வேலை செய்யும் என்று தெரிந்து விடுங்கள். நம் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்களில் இப்போது புழங்குபவை பெரும்பாலும் இரும்பு கலந்த எவர்சில்வர், காந்தத்தில் ஒட்டும். மஞ்சளாக இருக்கிற 5 ரூபாய் ஒட்டாது. ஹேர்பின், ஊக்கு ஒட்டும். தங்கமும் வெள்ளியும் ஒட்டாது, ஆகவே திருகாணிக்கும் மெட்டிக்கும் காந்தம் பயன்படாது. இன்னொன்று, சில மெஷின்களில் டிரம் தகடே காந்தத்தை இழுக்கும், அப்போது குச்சி உள்ளே போனதும் டிரம்மில் போய் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். முதலில் டிரம்மின் உட்புறத்தில் காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

திருகாணிக்கு நான் நம்புவது அடி ஹோஸைத்தான். தங்கம் சின்னதானாலும் கனம், பம்பு இழுக்கிற தண்ணீரோடு எளிதில் மேலேறிப் போகாது, பள்ளத்திலோ ஹோஸின் வளைவிலோ தங்கிவிடும், இல்லாவிட்டால் ஃபில்டர் அறையில். டப்பின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் அந்தக் கறுப்பு ஹோஸைப் பின்பக்கம் வழியாகவோ, மெஷினைச் சாய்த்து அடிப்பக்கம் வழியாகவோ எட்டலாம். சாய்ப்பதாக இருந்தால் இரண்டு பேர் வேண்டும், அதிர்வை அடக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பதால் முன்பக்க மெஷின் 60, 70 கிலோ இருக்கும். ஹோஸின் கிளிப்பைப் பிளையரால் அமுக்கி நகர்த்திவிட்டு, கீழே அகலமான பேசினில் மெல்லிய துணி விரித்து வைத்து ஹோஸை இறக்குங்கள். பிறகு ஒருவர் கதவு வழியாக டிரம்முக்குள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றட்டும், மற்றவர் டிரம்மைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டட்டும், பள்ளத்தில் இருப்பது தண்ணீரோடு வழுக்கி வந்துவிடும். ஹோஸையும் கழற்றி உதறிப் பாருங்கள். சில மெஷின்களில் அந்த ஹோஸுக்குள் ஒரு பிளாஸ்டிக் பந்து இருக்கும், அது வந்து விழுந்தால் பயப்படாதீர்கள், சோப்பு நீர் வீணாக இறங்கிவிடாமல் அடைப்பதற்காகப் போட்டது, திரும்ப அதே இடத்தில் போட்டுவிடுங்கள். குழந்தையின் சாக்ஸ் இந்த ஹோஸில் மாட்டினால் ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் வெளியேறாது, அதற்கும் இதே வழிதான்.

மேலே மூடி உள்ள மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அடியில் சுற்றுகிற தட்டு, பல்சேட்டர், நடுவே ஒரு ஸ்குரூவில்தான் நிற்கிறது. அதைக் கழற்றி, தட்டின் ஓட்டைகளில் கயிறு கோத்து நேராகத் தூக்கினால் அடியில் காசு, பட்டன், சில சமயம் காணாமல் போன சாவி எல்லாம் இருக்கும். இரட்டைத் தொட்டி மெஷினில் வேறொரு தொல்லை: காயவைக்கிற தொட்டியில் துணிமேல் வைக்கிற அந்தப் பிளாஸ்டிக் மூடியை வைக்காமல் ஓட்டுவார்கள், கைக்குட்டை பறந்து கூடைக்கு வெளியே விழுந்து அடித்தண்டில் சுற்றிக்கொள்ளும், கூடை நின்றுவிடும், ரப்பர் கருகுகிற வாசனை வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கூடையை ஒரு பக்கம் சாய்த்துக் கை விட்டால் பெரும்பாலும் எட்டும்.

சரி, மெக்கானிக் விஷயம். டிரம்மை இறக்குவது என்பது டப்பை மெஷினிலிருந்து வெளியே எடுத்து இரண்டாகப் பிரிப்பது. பழைய மாடல்களில் டப்பின் இரு பாதியும் ஸ்குரூவிலோ கிளிப்பிலோ இருக்கும், பிரிக்கலாம். இப்போது வருகிற பல மாடல்களில் இரண்டு பாதியையும் உருக்கி ஒட்டியே அனுப்புகிறார்கள், பிரிக்க முடியாது, அறுக்க வேண்டும் அல்லது முழு செட்டையும் மாற்ற வேண்டும். அதனால் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் மாடலில் டப் பிரிகிற வகையா, ஒட்டியதா? ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா? இரண்டாவதற்கு ‘அதெல்லாம் வேண்டாம் சார்’ என்று பதில் வந்தால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை, டப்பில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தாலோ பேரிங் போயிருந்தாலோ இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஹீட்டரைத் திரும்பப் போடும்போதுதான் முழுக் கவனமும் வேண்டும். ரப்பரில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி உள்ளே போகும். டப்பின் தரையில் ஹீட்டரின் வளைந்த நுனியைப் பிடித்துவைக்க ஒரு தகட்டுக் கிளிப் இருக்கும், நுனி அதற்குள் போயே ஆக வேண்டும், மேலே ஏறி உட்கார்ந்தால் சுற்றுகிற டிரம் ஹீட்டரில் இடிக்கும். கேமராவிலோ டார்ச்சிலோ பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், அப்புறம் நட்டை முறுக்குங்கள், போல்ட் பிய்ந்துவரும் அளவுக்கு வேண்டாம். டிரம்மைக் கையால் பத்துச் சுற்று சுற்றி உரசல் இல்லை என்று கேட்டபின், படத்தைப் பார்த்து ஒயர்களை மாட்டுங்கள், எர்த் ஒயர் உட்பட. பின்தகட்டை மாட்டும் முன் பிளக் போடாமலேயே, நட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கிற அளவு டிரம்முக்குள் ஊற்றிக் கால் மணி நேரம் விட்டு, ஹீட்டர் ரப்பரிலும் ஹோஸ் கிளிப்பிலும் சொட்டுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சொட்டவில்லை என்றால் தகட்டை மாட்டி, துணி போடாமல் குளிர்ந்த நீரில் ஒரு அலசலும் ஸ்பின்னும், அதற்கப்புறம் 40 டிகிரியில் ஒரு ஓட்டமும் விடுங்கள். வெந்நீர் ஓட்டத்தில் ஈஎல்சிபி விழுந்தால் அந்தக் கம்பி ஹீட்டரை ஏற்கெனவே கெடுத்துவிட்டது, ஹீட்டர் மட்டும் புதிது வாங்கி மாட்டினால் போதும், அதைக் கழற்றத்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே. அந்தப் பிராவில் மிச்சமிருக்கிற இன்னொரு கம்பியையும் இன்றைக்கே உருவி எடுத்துவிடுங்கள்.